ஒன்றரை லட்சத்தில் வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்ட முடியுமா?

03.07.2022 (ஈரோட்டு வாசகர் கேட்டது)

பிரிட்டனில் ஒருவர் 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று புத்தகமே எழுதியிருக்கிறாராம். அதைப் பார்த்துப் பலர் கட்டியும் இருக்கிறார்களாம். நம் ஊரில் ஒன்றரை லட்சத்துக்குள் வீட்டு ஷெட்டில் ஒன்று கட்ட முடியுமா? எல்லாம் கதை என்கிறான் என் நண்பன். கட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

04.07.2022

கதை இல்லை தம்பி. ரான் சாம்பியன் என்பவர் 1996-ல் எழுதிய புத்தகம் அது. அதைப் பார்த்துக் கட்டிய வண்டிகளுக்கு லோகாஸ்ட் என்றே பெயர் விழுந்துவிட்டது. அதற்கும் மூலம் காலின் சாப்மன் 1957-ல் கொண்டுவந்த லோட்டஸ் செவன் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார். அந்தக் காலத்தில் அங்கே முழு வண்டியாக வாங்கினால் வரி. பாகங்களாக வாங்கி வீட்டில் மாட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. அதனால் மாதச் சம்பளக்காரர்கள்கூட ஷெட்டில் உட்கார்ந்து ஸ்பானர் பிடித்தார்கள். 1973-ல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. அதே வருடம் அந்த வண்டியின் உரிமையை கேட்டர்ஹாம் என்ற கம்பெனி வாங்கியது. இன்றும் விற்கிறார்கள்.

நான் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். கோவையில், வீட்டுக்குப் பின்னால், ஒரு காலத்தில் மாட்டுக் கொட்டகையாக இருந்த தகர ஷெட்டில். இப்போதுதான் தொடக்கம். முடிகிற வரை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டிக்கு நம்பர் பிளேட் கிடைக்காது. பிரிட்டனில் தனி ஆள் கட்டிய வண்டியைச் சோதித்துச் சாலைக்கு அனுமதிக்க ஒரு முறை இருக்கிறது. இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவான வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. புதிதாக ஒரு மாடல் பதிவாக வேண்டுமென்றால் கம்பெனிக்காரர்கள் செய்வதுபோல வகை அனுமதி, அதாவது அந்த மாடலையே சோதித்துத் தரும் ஒப்புதல், வாங்க வேண்டும். அது நம் பட்ஜெட்டில் நடக்கிற காரியமே இல்லை. ஆகவே இது தனியார் இடத்தில், மூடிய தளத்தில் மட்டும் ஓட்டுகிற வண்டி. 'ராத்திரியில் அவினாசி ரோட்டில் ஒரு ரவுண்டு' என்று நினைப்பவர்கள் தயவு செய்து இறங்கவே வேண்டாம்.

09.07.2022

பாகங்களுக்காக எந்தப் பழைய வண்டியை உடைப்பது என்று மூன்று பேர் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் எடுத்தது 1998 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. 28,000 ரூபாய். தரை துருப்பிடித்து ஓட்டை; எஞ்சின் நன்றாக இருந்தது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. இதே ஊரில் எஸ். கரிவரதன் 1980-களின் கடைசியிலேயே மாருதி 800-ன் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து ஃபார்முலா மாருதி பந்தய வண்டிகளைக் கட்டினார். நரேன் கார்த்திகேயன் தொடங்கியது அந்த வண்டியில்தான். 2005-ல் ஃபார்முலா ஒன்று வரை போனார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான் வைத்தார்கள். பம்பும் கிரைண்டரும் செய்கிற ஊரில், தெருவுக்கு ஒரு லேத் இருக்கிற ஊரில், கார் கட்டுவது அப்படி ஒன்றும் வினோதமில்லை என்று அவர் காட்டிவிட்டுப் போனார். எனக்கு அந்தத் தைரியம் அங்கிருந்து வந்தது.

அமைப்பு இதுதான். 800-ல் எஞ்சின், கியர் பாக்ஸ், ஆக்சில், முன் சஸ்பென்ஷன் எல்லாம் முன்னால் ஒரே மூட்டையாக இருக்கிறது. அந்த மூட்டையை அப்படியே தூக்கி சீட்டுக்குப் பின்னால் வைத்தால் எஞ்சின் முன் சக்கரத்தை ஓட்டும் முன்சக்கர வண்டி, பின் சக்கரத்தை ஓட்டும் பின்சக்கர வண்டியாகிவிடும். முன்னால் இருக்கும் எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் வேண்டாம், தனி டிஃப்ரன்ஷியல் வேண்டாம். முன்னால் வைக்க இன்னொரு 800-ன் முன் சஸ்பென்ஷன் செட்டை உக்கடத்தில் காயலான் கடையில் 6,500-க்கு எடுத்தேன். ஆக, என் வண்டிக்கு நான்கு மூலையும் மாருதியின் முன் மூலைதான்.

பின்னால் போகிற சக்கரங்களுக்கு ஸ்டியரிங் தேவையில்லை அல்லவா, அதன் டை ராடுகளின் (ஸ்டியரிங்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பிகள்) உள் முனையை சேஸிஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில், வசதியான இடத்தில் ஒரு பிராக்கெட் வைத்துப் பிடித்துவிட்டால் போதும்.

(05.02.2023-ல் சேர்த்தது: மேலே உள்ள கடைசி வரி தவறு. கீழே அதே தேதியில் எழுதியதைப் படித்துவிட்டுப் பிராக்கெட்டை வெல்டு பண்ணுங்கள்.)

17.07.2022

'ஓம்னியிலும் அதே 796 சிசி எஞ்சின்தான், அது பின்சக்கர வண்டி வேறு, அதை எடுத்திருக்கலாமே' என்று சேலத்து நண்பர் கேட்கிறார். நியாயமான கேள்வி. லோட்டஸ் செவன் போல எஞ்சின் முன்னால், அது ஓட்டும் சக்கரம் பின்னால் என்று கட்ட ஓம்னிதான் சரியான வண்டி. நான் 800 எடுத்ததற்குக் காரணம், நல்ல எஞ்சினோடு பக்கத்துத் தெருவில் கிடைத்தது. அவ்வளவுதான். இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

வண்டியை உடைப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்துவிடுங்கள். சட்டத்தின் 55-வது பிரிவில் 14 நாள் கெடு இருக்கிறது. உடைத்த பிறகு அலைவதைவிட முன்பே முடித்துவிடுவது நிம்மதி.

30.07.2022

சேஸிஸ். இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான்.

25-க்கு 25 மில்லிமீட்டர் ஸ்கொயர் டியூப், கனம் 16 கேஜ். லோகாஸ்ட்காரர்கள் பயன்படுத்துவதும் இதே அளவுதான். இவ்வளவு ஒல்லியான குழாய் ஒரு காரைத் தாங்குமா என்றால், குழாய் தாங்குவதில்லை, முக்கோணம் தாங்குகிறது. நாலு குழாயைச் சதுரமாக வெல்டு பண்ணி மூலையைப் பிடித்துத் தள்ளுங்கள், சாய்சதுரமாகப் போகும். குறுக்கே ஒரு குழாய் போட்டுவிட்டால் அசையாது.

எனக்கு வரைபடத்தில் இது புரியவில்லை. அதனால் தென்னை ஈர்க்குச்சியில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரி செய்தேன். மூட்டுக்கு மூட்டு நூல் சுற்றி ஒரு சொட்டு பெவிகால். காய்ந்ததும் முன் முனையை இடது கையாலும் பின் முனையை வலது கையாலும் பிடித்துத் துணி பிழிவதுபோல முறுக்கினேன். முதல் மாதிரி அப்படியே சுற்றிக்கொண்டது. எஞ்சின் இருக்கும் கட்டத்தில் குறுக்குக் குச்சி ஒன்று கட்டினேன், பாதி விறைத்தது. கால் வைக்கும் இடத்துக்கு மேலே இன்னொன்று; இன்னும் விறைத்தது. ஓட்டுநர் உட்காரும் கட்டம்தான் பெரிய ஓட்டை, அதன் மேல் குறுக்குக் குச்சி போட முடியாது, போட்டால் ஆள் எங்கே உட்காருவது? அதனால் இரண்டு பக்கச் சுவர்களையும் உயர்த்தி, ஒவ்வொரு சுவருக்குள்ளும் குறுக்குக் குச்சிகள் வைத்தேன். ஆறு நாள் ராத்திரி இதே வேலை. மொத்தச் செலவு ஒரு பெவிகால் டப்பா. விளக்குமாறு பாதியானதைப் பார்த்து அம்மா, 'கார் கட்டி முடிக்கறதுக்குள்ள என் வீடு கூட்டறது நின்னு போயிரும் கண்ணு' என்றார்.

கம்ப்யூட்டரில் செய்யத் தெரிந்தவர்கள் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் எந்தக் குச்சியை எடுத்தால் எங்கே தளர்கிறது என்பதைக் கை உணர்ந்தது எனக்கு வெல்டிங் வரை கூடவே வந்தது.

31.07.2022

விலை கேட்டவர்களுக்கு: எட்டு லெங்த், மொத்தம் 48 மீட்டர், 56 கிலோ, 4,400 ரூபாய். காரின் எலும்புக்கூடு முழுதும் அவ்வளவுதான். பட்ஜெட்டைத் தின்னப்போவது இரும்பு இல்லை.

தலைக்குப் பின்னால் வரும் ரோல் பார் மட்டும் வேறு கணக்கு. அது 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம், குளிர்நிலையில் இழுத்த சீம்லெஸ் டியூப். பந்தய விதிகளில் சொல்லப்படும் அளவு அது. தண்ணீர்க் குழாயை வளைத்து ரோல் பார் என்று மாட்டியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கவிழ்ந்தால் அது மடங்கும், கழுத்து போகும். இதில் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்காதீர்கள்.

21.08.2022

மனசு சரியில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

சுதந்திர தினத்தோடு சேர்த்து லீவு போட்டிருந்தேன். வாடகைக்கு மிக் வெல்டிங் மெஷின். எல்லாக் குழாயும் டேபிள் மேல் டேக் (ஒட்டி நிற்க மட்டும் வைக்கும் சின்னப் பொட்டு வெல்டு) வைத்து நின்றது. மூலைக்கு மூலை அளக்கும் குறுக்களவு இரண்டும் ஒரு நூல்கூட (இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு) வித்தியாசமில்லை. உற்சாகத்தில் வலது பக்கச் சுவரை ஒரே சாயங்காலத்தில் முழுதாக அடித்து முடித்தேன். மறுநாள் காலையில் டேப் வைத்தால் ஒரு குறுக்களவு மற்றதைவிட மூன்று நூல் அதிகம். கண்ணை டேபிள் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தேன். வலது பக்கக் கீழ்க்குழாய் வாழைக்காய் போல வளைந்து நின்றது.

இங்கே கணபதி பகுதியில் நாற்பது வருடமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்தேன். ஒரு சுற்று சுற்றி வந்தார். குழாயைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. 'ஒரே பக்கமா அடிச்சா இழுக்கத்தான் செய்யும் சாமி. இங்க ஒரு இன்ச்சு, அந்தக் கோடீல ஒரு இன்ச்சு, ஆறட்டும், அப்புறம் அடுத்தது. அவசரப்படறவனுக்கு இரும்பு ஒத்துழைக்காது' என்றார்.

பதினொரு மூட்டுகளை கிரைண்டரால் அறுத்தோம். இரண்டு குழாய்கள் குப்பைக்குப் போயின. அவர் சொன்ன வரிசையில் மறுபடி அடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகும்.

22.08.2022

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. எல்லாப் பழியும் வெல்டிங் மேல் இல்லை. டேபிளும் சமமாக இல்லை. தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் அமைத்தேன், ஆனால் ஓரடி ரசமட்டம் மூன்று மீட்டர் டேபிளுக்குப் போதாது. பக்கத்தில் வீடு கட்டும் கொத்தனார் தன் டியூப் மட்டத்தைக் கொடுத்தார். தண்ணீர் நிரப்பிய இருபதடி பிளாஸ்டிக் டியூப், அவ்வளவுதான். நாலு மூலையிலும் தண்ணீர் நிற்கும் கோட்டைக் குறித்தால் ஒரு மூலை இரண்டு நூல் இறங்கியிருந்தது. காலுக்கடியில் தகடு வைத்துச் சரி செய்தேன்.

11.09.2022

சேஸிஸ் முடிந்தது. இப்போது குறுக்களவு வித்தியாசம் அரை நூல். பெரியவர் வந்து பார்த்து, ஒரு டீ குடித்து, 'இருக்கட்டும்' என்றார். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு.

நட்டு போல்ட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சீட் பெல்ட், பிரேக், இந்த நாலிலும் 8.8 என்று தலையில் முத்திரை போட்ட போல்ட்டும், தளராமல் இருக்க உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டும்தான். ஒருமுறை கழற்றிய நைலாக்கை அந்த இடங்களில் திரும்பப் போடுவதில்லை. ஹார்டுவேர் கடையில் தராசில் நிறுத்துக் கொடுக்கும் போல்ட் கதவுக் கொண்டிக்கு. இன்று வரை இதற்கே ஏழாயிரம் தாண்டிவிட்டது, பாதிகூட முடியவில்லை.

16.10.2022

பிரேக் மிதி இரண்டு வாரமாக ஸ்பாஞ்ச் மாதிரி இருந்தது. மூன்று பாட்டில் ஆயில் போனது. மிதியை அழுத்தினால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றினேன், ஹோஸ்களை மாற்றினேன். மிதி இன்னும் தரை வரை போகிறது.

நேற்று வண்டிக்கடியில் படுத்து டார்ச் அடித்தபோதுதான் கண்ணில் பட்டது. பின் சக்கரங்களில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் இடமும் வலமும் மாறிப் போட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே மாதிரி தெரியும், போல்ட்டும் பொருந்தும். ஆனால் ஆயிலோடு காற்றை வெளியே விடும் நிப்பிள் மேலே இருப்பதற்குப் பதில் கீழே இருந்தது. காற்று மேலே போய்த் தங்கும், நிப்பிளோ கீழே. எத்தனை முறை மிதித்து விட்டாலும் ஆயில்தான் வெளியே வரும், காற்று உள்ளேயே உட்கார்ந்திருக்கும். மாற்றிப் போட்டேன். பத்தே மிதியில் மிதி கல் மாதிரி ஆனது. நிப்பிள் வானத்தைப் பார்க்க வேண்டும். முதலில் அதைப் பாருங்கள், அப்புறம் மாஸ்டர் சிலிண்டருக்குக் காசு செலவழியுங்கள்.

20.11.2022

கியர். லிவருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் கம்பியை லேத் கடையில் நீட்டி வாங்கினேன். லிவரின் அச்சுக்குக் கீழே மாட்ட வேண்டியதை மேலே மாட்டிவிட்டதால் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு, மூன்று இருக்க வேண்டிய இடத்தில் நான்கு. ஒரு நாள் வேலை, சரியாகிவிட்டது.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் சொன்ன பேச்சு கேட்கவில்லை. ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால், நடுவில் இரண்டு நீளக் குழாய்கள். முதல் முறை சூடானதும் ஹோஸ் பிடுங்கிக்கொண்டு ஷெட் முழுக்கப் பச்சைத் தண்ணீர். நல்ல வேளை, அருகில் ஆள் இல்லை. கிளாம்ப் இறுக்கமாகத்தான் இருந்தது. குழாயின் முனை வழுவழுவென்று இருந்ததுதான் காரணம். முனையைச் சுற்றி வெல்டிங்கில் ஒரு சின்ன மேடு எழுப்பி, ராவி, அதைத் தாண்டி ஹோஸை ஏற்றிக் கிளாம்ப் போட்டால் பிடுங்காது. குழாய்க்குள் தங்கிய காற்றை எடுக்க வண்டியின் மூக்கை ஜாக்கியில் இரண்டடி தூக்கி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓட விட்டேன். அரை மணி நேரம் குபுகுபுவென்று வந்து அப்புறம் அடங்கியது.

08.01.2023

இன்று எடை மேடைக்குக் கொண்டுபோனோம், டாடா ஏஸில் ஏற்றி. லாரிக்கான மேடை, பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். முழு வண்டி 460. முன் சக்கரங்கள் மட்டும் ஏறியபோது 190. ஆக பின்னால் 270.

இந்த எண்ணுக்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன். 800 கம்பெனியிலிருந்து வரும்போது ஏறக்குறைய 650 கிலோ, 37 குதிரைத்திறன். டன்னுக்கு 57. அதே எஞ்சின், திறனைக் கூட்ட எதுவும் செய்யாமல், இப்போது டன்னுக்கு 80. 'டர்போ போடலாமா, மாருதி எஸ்டீம் காரின் எஞ்சின் மாற்றலாமா' என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். எடையைக் குறைத்தால் எஞ்சினுக்கு மட்டும் லாபமில்லை. பிரேக்குக்கும் டயருக்கும் வளைவுக்கும் அதே பணத்தில் லாபம். கதவு, கண்ணாடி, பின் சீட், டிக்கி எல்லாம் விற்றதில் 7,000 ரூபாய் கையில் வந்தது. எடை குறைந்ததற்கு யாரோ நமக்குக் காசு கொடுத்த மாதிரி.

29.01.2023

ஓடியது.

நண்பரின் குடும்பத்துக்குச் சொந்தமான, மூடிக் கிடக்கும் நூற்பாலை. பஞ்சு லாரிகள் நின்ற கான்கிரீட் முற்றம். ஹெல்மெட், நாலு புள்ளி பெல்ட், பக்கத்தில் தீயணைப்பானோடு இரண்டு பேர். முதல் கியரில் ஒரு சுற்று, இரண்டாவதில் இரண்டு சுற்று. காது ஓரத்தில் அந்த மூன்று சிலிண்டர் சத்தம். தரைக்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்திருக்கும்போது முப்பது கிலோமீட்டர் வேகமே வேறு மாதிரி இருக்கிறது. இறங்கும்போது கை நடுங்கியது. அம்மா ஒரு சுற்று உட்கார்ந்து வர வேண்டும் என்றார். ஒரே சீட் என்பதால் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினோம்.

ஆனால் ஒரு குறை. அறுபதைத் தொட்டபோது கான்கிரீட் பாளத்தின் இணைப்பு ஒவ்வொன்றிலும் பின்பக்கம் இடுப்பை ஆட்டியது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருக்கிறேன், வண்டி தானே ஒரு பக்கம் எட்டு வைக்கிறது. நிறுத்திவிட்டேன். காரணம் தெரியும் வரை ஓட்டப் போவதில்லை.

05.02.2023

காரணம் தெரிந்தது. 09.07-ல் நான் எழுதிய அந்த ஒரு வரிதான்.

பின்பக்க டை ராடின் உள் முனையை 'வசதியான இடத்தில்' பிடித்தேன் அல்லவா. சக்கரம் மேடு ஏறும்போது, சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ்க்கரம் ஒரு வட்டத்தில் மேலே போகிறது, டை ராடு இன்னொரு வட்டத்தில் போகிறது. இரண்டு வட்டமும் ஒத்துப் போகாவிட்டால் டை ராடு சக்கரத்தை ஒரு பக்கம் இழுத்துத் திருப்பிவிடும். நாம் ஸ்டியரிங்கைத் தொடாமலேயே பின் சக்கரம் தானாகத் திரும்பும்.

அளந்த முறையைச் சொல்கிறேன், வீட்டிலேயே செய்யலாம். சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டேன், சக்கரம் கையால் ஏறி இறங்கும். சேஸிஸை ஸ்டாண்டில் அசையாமல் உட்கார வைத்தேன். டிஸ்க்கின் மேல் ஒரு லேசர் பாயின்ட்டரை முன்பக்கம் பார்க்க இறுகக் கட்டி, மூன்று மீட்டர் தள்ளிச் சுவரில் ஒரு காலண்டர் அட்டை ஒட்டினேன். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஜாக்கியை மெல்ல ஏற்றினேன். சரியான வண்டியில் அந்தச் சிவப்புப் புள்ளி செங்குத்தாக மேலே ஏற வேண்டும். என் புள்ளி ஏற ஏற வெளிப்பக்கமாக நகர்ந்தது. சக்கரம் இரண்டு இன்ச் ஏறியதற்குப் புள்ளி இரண்டு இன்ச் விலகிவிட்டது. அதாவது கிட்டத்தட்ட ஒரு டிகிரி. வளைவில் வெளிச் சக்கரம்தான் அமுங்கும், அது வெளியே பார்த்துத் திரும்பினால் வண்டி சுழல்வதைத் தவிர வேறு வழியில்லை. அறுபதில் நிறுத்தியது நல்லதாகப் போயிற்று.

பிராக்கெட்டை அறுத்துக் கீழே இறக்கினேன். முதலில் டேக் மட்டும் வைத்துப் புள்ளியைப் பார்ப்பது, உடைப்பது, இரண்டு நூல் இறக்குவது, மறுபடி பார்ப்பது. என் வண்டியில் உள் முனை முன்பைவிட ஒரு இன்ச் கீழே, கீழ்க்கரத்தின் உள் புஷ்ஷுக்கு ஏறக்குறைய நேராக வந்தபோது புள்ளி நேர்க்கோட்டில் ஏறியது. இப்போது அதே இரண்டு இன்ச்சுக்கு விலகல் இரண்டு நூல்தான். உங்கள் வண்டியில் இடம் மாறலாம், அதனால் என் அளவை எடுக்காதீர்கள், லேசரை எடுங்கள்.

நான் இங்கே எழுதியதைப் பார்த்து யாராவது ஏற்கெனவே பிராக்கெட் அடித்திருந்தால் என்னை மன்னியுங்கள்.

12.02.2023

பிரேக் சமநிலை. நாலு மூலையும் மாருதியின் முன் மூலை என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன், அதாவது நாலு பக்கமும் முன்சக்கர டிஸ்க் பிரேக். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாயும். லேசாகிவிட்ட பின் சக்கரத்துக்கும் அதே பிரேக் கிடைத்தால் அது முதலில் பூட்டிக்கொள்ளும். பின் சக்கரம் பூட்டிய வண்டி பம்பரம்.

பின் லைனில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு போட்டேன். முற்றத்தை நனைத்துவிட்டு முப்பது கிலோமீட்டரில் பிரேக்கை அழுத்த, நண்பர் பக்கத்தில் நின்று எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று பார்த்தார். பதினான்கு ஓட்டம். முன் சக்கரம் முதலில், பின் சக்கரம் அதற்குச் சற்றுப் பின்னால் என்று வந்ததும் வால்வைப் பூட்டிவிட்டேன். லேசர் வேலைக்குப் பிறகு பின்பக்கம் இடுப்பு ஆட்டுவதும் இல்லை. அறுபத்தைந்தில் அதே இணைப்புகளைத் தாண்டினேன். டக் டக் என்று சத்தம் மட்டும் கேட்டது.

26.02.2023

கணக்கு கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நோட்டைக் கூட்டினேன். 2,06,900 ரூபாய். விற்ற பாகங்கள் 7,000 கழித்தால் இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வாங்கிய டூல்கள் தனி, சுமார் 31,000. அவை கையில் இருக்கின்றன.

பெரிய துண்டுகள்: சீட், பெல்ட், ஹெல்மெட், தீயணைப்பான் 27,000. எஞ்சினுக்கு ரிங், கேஸ்கட், கிளட்ச் 21,000. பிரேக் 19,500. நட்டு, போல்ட், கிளிப், ஹோஸ் போன்ற சில்லறை 16,800, ஆமாம், சேஸிஸ் இரும்பைவிட நான்கு மடங்கு. டயர் 14,000. வெல்டிங்குக்கும் கிட்டத்தட்ட அவ்வளவே, அதில் திரும்ப அடித்த கூலியும் சேரும். உடம்புக்குத் தட்டையான அலுமினியத் தகடும் பாப் ரிவெட்டும் மட்டும். வளைவான மூக்கு செய்திருந்தால் தனியாக முப்பதாயிரம் போயிருக்கும்.

ஒன்றரை லட்சத்தில் முடியுமா என்பதுதான் கேள்வி. வாழைக்காய் வெல்டிங், வீணான மாஸ்டர் சிலிண்டர் இரண்டும் இல்லாமல், எஞ்சினைப் பிரிக்காமல் ஓட்டியிருந்தால் 1,70,000 வரை இறக்கியிருக்கலாம். அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் பெல்ட்டிலோ பிரேக்கிலோதான் கை வைக்க வேண்டும். அங்கே நான் கை வைக்க மாட்டேன். ஆகவே ஒன்றரையில் முடியாது தம்பி. கட்டவே முடியாது என்று சொன்ன உங்கள் நண்பரும் சரியில்லை.

நேரத்தைக் கணக்கு வைக்கவில்லை. எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள், பாதி ராத்திரிகள். கல்யாணங்களுக்குப் போகாததில் இரண்டு சித்தப்பாக்கள் இன்னும் பேசுவதில்லை. போய்ச் சமாதானம் செய்ய வேண்டும்.

19.03.2023

ஈரோட்டுத் தம்பி ஒரு 2001 வண்டி பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறார். சந்தோஷம். வாங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி பேரிங் ஆட்டம் இருக்கிறதா, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக ஓட்டும்போது ஆக்சிலில் டக் டக் சத்தம் வருகிறதா, காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வருகிறதா. துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அந்தத் தகடு எதுவும் உங்களுக்கு வேண்டாம். விலையைக் குறைக்க மட்டும் அது பயன்படும்.

டேபிள் இப்போது எனக்குத் தேவையில்லை, ஷெட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அடுத்த ஞாயிறு ஒரு டாடா ஏஸ் கொண்டு வந்தால் ஏற்றிவிடலாம். காலுக்கடியில் வைத்த தகடுகளில் எது எந்தக் காலுக்கு என்று சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் உங்கள் தரை வேறு. டியூப் மட்டம் ஒன்று வாங்கி வையுங்கள், நாற்பது ரூபாய்தான்.